உய்குர் மக்களின் மரபும் குருதிச் சான்றும்

நடு ஆசியாவின் நிலப்படத்தை எடுத்து நோக்குவார்க்கு, வடக்கே தியான்சான் மலையும் தெற்கே குன்லுன் மலையும் மேற்கே பாமீர் மேட்டுநிலமும் சூழ்ந்த பெரும்பள்ளம் ஒன்று தென்படும். தாரிம் வடிநிலம் என்பது அதன் பெயர். அதன் நடுவே தக்லமக்கான் என்னும் கொடும்பாலை கிடக்கிறது. மலைப்பனி உருகி வரும் ஆறுகள் பாலையின் விளிம்பைத் தொடும் இடங்களில் மட்டுமே மக்கள் வாழ்வு உண்டு. காஷ்கர், யார்க்கந்து, கோத்தான், கூச்சா ஆகியன அவ்வாறு எழுந்த ஊர்கள். இவற்றிலும், கிழக்கே தனிப்பள்ளத்தில் அமைந்த துர்பானிலும் வாழ்ந்து வரும் மக்களே உய்குர் மக்கள். அவர்தம் மொழி துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, சமயம் இசுலாம். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சீன நாட்டில் அவர்தம் தொகை ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம்.

இம்மக்கள் யாவர், எங்கிருந்து வந்தனர் என்னும் வினா வெறும் ஏட்டு வினா அன்று. 1989-ஆம் ஆண்டில் துர்குன் அல்மாசு என்னும் உய்குர் எழுத்தாளர் தம் இனத்தின் வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுத் தொன்மை உடையதாக எழுதி வெளியிட்டார். 1991-இல் அந்நூல் அரசின் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மறுபுறம், 2019-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீன அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, உய்குர் மக்கள் துருக்கியரின் வழித்தோன்றல்கள் அல்லர் என்று கூறியது. ஒரு சாரார் நிலத்துக்கு உரிமை நாட்டப் பழமையைத் தேடுகின்றனர். மறுசாரார் அவ்வுரிமையை மறுக்கப் பழமையைத் தேடுகின்றனர். இருவரும் கைகாட்டும் சான்றுகளுள் அண்மையில் வந்து சேர்ந்தது குருதிச் சான்று. அச்சான்று சொல்வது யாது என்பதும், அது எவ்வாறு திரட்டப்பட்டது என்பதும் சேர்த்தே ஆராயத்தக்கன.

முதலில் ஏட்டுச் சான்றைக் காண்போம். உய்குர் என்னும் பெயர் தாரிம் நிலத்தில் பிறந்தது அன்று. இன்றைய மங்கோலிய நாட்டில், ஒர்கோன் ஆற்றங்கரையில் கி.பி. 744-இல் எழுந்த பேரரசு ஒன்றின் பெயர் அது. அதன் மன்னருள் ஒருவரான போகு ககான் 8-ஆம் நூற்றாண்டில் மானியின் சமயத்தைத் தழுவினார். 840-இல் வடக்கிலிருந்து வந்த கிர்கீசுப் படை தலைநகரை எரித்தது. நாடிழந்த உய்குர்களுள் ஒரு பகுதியார் தெற்கிலும் மேற்கிலும் பெயர்ந்து, கான்சு நிலத்திலும் துர்பானிலும் குடியேறினர். துர்பானில் அவர்கள் நிறுவிய அரசு சில நூற்றாண்டுகள் நிலைத்தது. நாடோடிகளாய்க் குதிரை மேய்த்தோர் அங்கே உழவரும் வணிகரும் ஏடெழுதுவோரும் ஆயினர்.

அவர்கள் வந்தபோது அந்நிலம் வெற்றிடமாய் இருக்கவில்லை. கூச்சாவிலும் துர்பானிலும் பேசப்பட்டதொரு மொழி இருந்தது. 1902 முதல் 1914 வரை செருமானியர் நடத்திய அகழ்வுப் பயணங்களில் அம்மொழியின் ஏடுகள் கிடைத்தன. 1908-இல் சீக், சீக்லிங் என்னும் இரு செருமானிய அறிஞர் அவற்றைப் படித்தறிந்து, அது இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து மொழி என நிறுவினர். வியப்பு என்னவெனில், அது ஈரான் மொழிகளையோ வடமொழியையோ ஒட்டாமல், ஒலிவகையில் இலத்தீன் முதலிய மேலை மொழிகளை ஒத்திருந்தது. நூறு என்பதற்கு வடமொழி 'சதம்' என்றால், இது 'கந்த்' என்றது. இலத்தீனின் 'கெண்டும்' என்பதற்கு உறவு. இதனைத் தொகாரியம் என்று அழைப்பர். கோத்தானிலோ ஈரானியக் கிளையைச் சேர்ந்த சகர் மொழி வழங்கிற்று. இவ்விரு மொழிகளும் பிராமி எழுத்தின் வழிவந்த எழுத்துகளில் எழுதப்பட்டன என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவிற் கொள்ளலாம். தென்பாண்டி நாட்டுக் குகைகளிலே தமிழை எழுதிய அதே எழுத்துமரபின் மற்றொரு கிளை, பாலைக்கு அப்பால் இம்மொழிகளைச் சுமந்து நின்றது.

தொகாரியம் என்னும் பெயர் வந்த வரலாறே ஒரு நல்ல சான்று. மைத்திரேய புத்தரைப் பற்றிய நாடக நூல் ஒன்று பழைய உய்குர் மொழியில் கிடைத்துள்ளது. அதன் இறுதிக் குறிப்பு, ஆரியசந்திரர் என்பவர் அதனை இந்திய மொழியினின்று 'தொக்ரி' மொழியில் ஆக்கினார் என்றும், பிரஞ்ஞாரட்சிதர் என்பவர் அதனைத் துருக்கிய மொழியில் பெயர்த்தார் என்றும் சொல்கிறது. இக்குறிப்பைக் கொண்டே 1907-இல் முல்லர் என்னும் அறிஞர் அம்மொழிக்குப் பெயர் சூட்டினார். அப்பெயர் பொருத்தமானதா என்று இன்றும் வழக்காடுவோர் உளர். அது வேறு கதை. ஈண்டு நமக்கு வேண்டுவது, ஓர் ஊரில் ஒரு மொழி மற்றொரு மொழிக்கு இடம்விடும் காட்சியே. நூலைப் பெயர்க்க வேண்டுமாயின் இரு மொழியும் அறிந்தவர் வேண்டும். இரு மொழியும் அறிந்தவர் ஒரே தெருவில் வாழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு வாழ்ந்தோரின் மக்கள் பிறகு துருக்கியம் மட்டும் பேசினர். தொகாரியர் எவரும் படுகொலையுண்டு மறைந்ததாகச் சான்று இல்லை, மறைந்தது மொழி.

11-ஆம் நூற்றாண்டிலும் இம்மாற்றம் முற்றுப்பெறவில்லை. மகமூது காஷ்கரி என்னும் பேரறிஞர் 1072-க்கும் 1074-க்கும் இடையில் பாக்தாதில் இருந்து தொகுத்த துருக்கிய மொழி அகராதி, கோத்தானியருக்குத் தனி எழுத்தும் தனி மொழியும் உண்டு என்றும், துருக்கியம் அவர்களுக்குச் செவ்வையாக வாராது என்றும் குறிக்கிறது. கோத்தான் அதற்குச் சில பத்தாண்டுகட்கு முன்னரே காராகானிய முசுலிம் அரசரின் கீழ் வந்திருந்தது. ஆட்சி மாறிய பின்னும் நாவு உடனே மாறவில்லை. துர்பானோ 15-ஆம் நூற்றாண்டு வரை பௌத்தத்தை முற்றும் கைவிடவில்லை. அதன்பின் உய்குர் என்னும் பெயரும் வழக்கிழந்தது. மக்கள் தம்மைக் காஷ்கர்காரர், துர்பான்காரர், கோத்தான்காரர் என்று ஊர்ப்பெயரால் அழைத்துக்கொண்டனர். இல்லையேல் முசுலிம் என்றனர். 1921-இல் தாசுக்கந்தில் கூடிய மாநாடு ஒன்றிலேயே பழம்பெயர் மீண்டும் பொதுப்பெயராக எடுத்தாளப்பட்டது. ஆகவே பெயர் ஒரு வழியாகவும், மொழி மற்றொரு வழியாகவும், குடி பல வழியாகவும் வந்து சேர்ந்த மக்கள் இவர்.

இனிக் குருதிச் சான்று. மக்களின் குருதியைக் கொண்டு அவர்தம் கலப்பை அளக்கும் முயற்சி புதியது அன்று. முதல் உலகப்போரின்போது சலோனிக்காவில் பல நாட்டுப் படைகள் தங்கியிருந்தன. இர்சுபெல்டு என்னும் மருத்துவ இணையர் அப்படைஞரின் குருதி வகைகளைக் கணக்கிட்டு, இனத்துக்கு இனம் அவற்றின் விகிதம் மாறுவதை 1919-இல் வெளியிட்டனர். எந்த வகையும் எந்த இனத்துக்கும் தனியுரிமை அன்று, விகிதமே வேறுபடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. பின்னர் வந்த நுண்கருவிகள் எத்துணை வளர்ந்தபோதிலும் இவ்வுண்மை மாறவில்லை.

தாரிம் நிலத்துப் பாலை மணலும் உலர்காற்றும் பல பிணங்களை அழுகாமல் காத்துள்ளன. 1934-இல் சுவீடன் நாட்டுப் பெர்க்மான் கண்ட சியாவோகி என்னும் இடுகாடு, 2003 முதல் 2005 வரை முழுமையாக அகழப்பட்டது. உயர்ந்த மூக்கும் செம்பட்டை மயிரும் கொண்ட அவ்வுடல்களைக் கண்ட மேலைநாட்டார், இவர் மேற்கிலிருந்து வண்டியேறி வந்த தொகாரியரின் முன்னோரே என முடிவு கட்டினர். உய்குர் எழுத்தாளர் சிலர் இவர் தம் முன்னோர் என்றனர். 2021 அக்தோபரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இரண்டையும் எளிதில் ஏற்க இடம் தரவில்லை. கி.மு. 2100 முதல் 1700 வரை வாழ்ந்த 13 பேரின் டி.என்.ஏ. படிக்கப்பட்டது. புல்வெளி மேய்ப்பரின் கலப்பு அவர்களிடம் காணப்படவில்லை. பனியூழிக் காலம் முதல் வட ஆசியாவில் வாழ்ந்த தொல்குடி ஒன்றின் எச்சமாகவே அவர்கள் விளங்கினர். ஆனால் அவர்களுடைய பல்லில் பாற்பொருளின் சுவடு இருந்தது. கோதுமையும் தினையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. குருதியால் தனித்து நின்றவர், தொழிலாலும் உணவாலும் அயலாரோடு கலந்திருந்தனர். முகத்தைக் கண்டு மூலம் சொல்லும் வழக்கம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இன்று வாழும் உய்குர்களைப் பற்றிய ஆய்வுகள் 2008 முதல் பெருகின. அவ்வாண்டு வெளிவந்த ஒன்று, கோத்தான் பகுதியாரின் மரபில் ஐரோப்பியச் சாயல் 100-க்கு 60 பங்கும் கிழக்காசியச் சாயல் 40 பங்கும் என்றது. அடுத்த ஆண்டே வேறொரு குழுவினர், விரிந்த பரப்பில் மாதிரி எடுத்து, ஐரோப்பியப் பங்கு 30-ஐ ஒட்டியதே என்றனர். ஒரே மக்களைப் பற்றி ஓராண்டு இடைவெளியில் இருமடங்கு வேற்றுமை! காரணம் யாது? பாலையின் தென்விளிம்பில் ஒதுங்கிய ஊர் ஒன்றை முழு இனத்துக்கும் அளவுகோலாக்கியது ஒரு காரணம். ஒப்புநோக்க எடுத்துக்கொண்ட அயல் மக்கள் வேறாயிருந்தது மற்றொன்று. 2017-இல் 14 இடங்களைச் சேர்ந்த 951 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு இதனைப் பெரிதும் தெளிவித்தது. கிழக்காசியம் 29 முதல் 47 வரை, மேலை யூரேசியம் 25 முதல் 37 வரை, தெற்காசியம் 12 முதல் 20 வரை, சைபீரியம் 15 முதல் 17 வரை என நான்கு ஓடைகளை அது கண்டது. கலப்பு இருமுறை பெருகியது எனவும், முதலாவது ஏறத்தாழ 3,750 ஆண்டுகட்கு முன், இரண்டாவது ஏறத்தாழ 750 ஆண்டுகட்கு முன் எனவும் மதிப்பிட்டது. இத்தகைய காலக்கணக்கை மன்னர் பட்டியல் போலக் கொள்ளலாகாது. பல நூற்றாண்டாக நிகழ்ந்த சிறு கலப்புகளை ஒரு புள்ளியில் திரட்டிக் காட்டுவதே கணக்கின் இயல்பு.

பிற துருக்கிய மக்களிடமும் நிலை இதுவே. 22 துருக்கியக் குழுக்களை ஒப்புநோக்கி 2015-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுள் பெரும்பாலோர் மரபில் தத்தம் அயலாரையே ஒத்துள்ளனர் என்றது. ஆயினும் மங்கோலிய, தென் சைபீரிய நிலங்களோடு பகிர்ந்துகொண்ட மெல்லிய மரபிழை பலரிடமும் ஓடுகிறது. சிறுதொகையினர் வந்தனர், மொழியைத் தந்தனர், மண்ணின் மக்களோடு மணந்து கலந்தனர். ஆகவே சீன வெள்ளை அறிக்கையின் கூற்றும் அல்மாசின் கூற்றும் ஒரே பிழையின் இரு முகங்கள் எனலாம். இரண்டும் மக்களினம் என்பதை ஒற்றை வேருடைய மரமாகக் கொள்கின்றன.

இதுவரை சொன்னது வரலாற்றாசிரியனின் டி.என்.ஏ. காவல் துறையின் டி.என்.ஏ. வேறு. 1984 செப்தம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் இலெசுடர் பல்கலைக்கழகத்தில் அலெக் செப்ரீசு என்பார், ஆளுக்கு ஆள் மாறும் மரபடையாளத்தை முதன்முதல் கண்டார். அதன் முதற்பயன், கானா நாட்டிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவன் தன் தாய்க்குப் பிறந்தவனே என்று 1985-இல் நிறுவியது. அடுத்தது இலெசுடர் அருகே இரு சிறுமியர் கொலையுண்ட வழக்கு. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனை இச்சோதனையே விடுவித்தது. பின்னர்ச் சுற்றுவட்டத்து ஆடவர் ஏறத்தாழ 5,000 பேரைக் கேட்டுக் குருதி பெற்றனர். உண்மைக் குற்றவாளி 1988-இல் தண்டனை அடைந்தான்.

1990-களில் வழக்குக்கு வந்த முறை இன்னும் எளியது. டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதிய நெடுஞ்சுவடி. அதில் சில இடங்களில் நான்கெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்கிறோமே, அது போல. செய்யுளில் அசைநிலைக்கு இரண்டும், இசைநிறைக்கு நான்கும் என அடுக்குக்கு எல்லை உண்டு. உடலின் சுவடியில் அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவனுக்கு 9 அடுக்கு, மற்றவனுக்கு 14. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இடத்துக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். 1997-இல் அமெரிக்கா இத்தகைய 13 இடங்களைத் தேர்ந்து வகுத்தது. 2017 முதல் அவை 20 ஆயின. ஓர் இடத்தின் எண்ணிணை பத்துப் பேரில் ஒருவருக்கு அமைவதாகக் கொண்டால், 13 இடங்களும் தற்செயலாய் ஒத்துவருவது 10 இலட்சம் கோடியில் ஒருமுறை.

ஆனால் அந்தப் 'பத்துப் பேரில் ஒருவர்' என்பது எவ்வூரில்? ஓர் அடுக்கு ஓரினத்தில் அருகியும் மற்றோரினத்தில் மலிந்தும் இருக்கலாம். ஆகவே வழக்குமன்றத்தில் எண் சொல்ல வேண்டுமாயின் அவ்வம்மக்களின் விகிதப் பட்டியல் வேண்டும். இப்பட்டியல் இல்லாவிடின் குற்றமற்றவன்மேல் சான்று மிகையாகப் பேசும். வடகிழக்குச் சைபீரியாவில் வாழும் சகா மக்கள், அதாவது யாக்குத்தியர், துருக்கிய மொழியினரே. அவர்களுள் ஆடவர் பெரும்பாலோர், தெற்கிலிருந்து வந்த ஒரு சில முன்னோரின் தந்தைவழியைச் சேர்ந்தவர். அங்கே தந்தைவழிக் குறியை மட்டும் கொண்டு ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்தறிதல் அரிது. உய்குர்களோ பல ஓடைகள் கலந்தமையால் வேறுபாடு மிக்கவர். ஆளறியும் குறிகள் அவர்களிடம் நன்றாகவே தொழிற்படும். இம்மட்டில், அவர்தம் விகிதங்களைத் திரட்டியது முறையான பணியே.

ஈண்டு ஒரு வேற்றுமையை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆளறியும் குறிகள், எல்லா இனத்திலும் ஆளுக்கு ஆள் மாறுவன எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இனமறியும் குறிகள் என்று வேறொரு வகை உண்டு. அவை ஓரினத்துள் பெரிதும் ஒத்தும், இனத்துக்கு இனம் மிகவும் விலகியும் நிற்கும் இடங்களைத் தேடிப் பொறுக்கியவை. முன்னது 'இவன்தானா அவன்?' என்று கேட்கும். பின்னது 'இவன் யாருடைய ஆள்?' என்று கேட்கும். சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சின் ஆய்வாளர்கள் 2010-களில் உய்குர்களைப் பிற மக்களிடமிருந்து பிரித்துக்காட்டும் இரண்டாம் வகைக் குறிகளில் முனைந்து ஈடுபட்டனர். ஒப்புநோக்குவதற்கான மாதிரிகள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கென்னத் கிட் என்னும் மரபியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திலிருந்து கிடைத்தன என 2019 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. குருதி தந்தோர் இசைவோடுதான் தந்தனர் என்று தாம் நம்பியதாக அவர் கூறினார்.

அந்த இசைவு எத்தகையது? 2017 திசம்பரில் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, சின்சியாங் பகுதியில் 12 முதல் 65 அகவை வரையுள்ளோர் அனைவரிடமும் டி.என்.ஏ., கைரேகை, கண்மணிப் படம், குருதி வகை ஆகியன எடுக்கும்படி அரசு வழிகாட்டு நெறி வகுத்திருந்தது என்றது. டி.என்.ஏ. மாதிரி, 'அனைவருக்கும் உடற்பரிசோதனை' என்னும் இலவச மருத்துவத் திட்டத்தின் வாயிலாக எடுக்கப்பட்டது. அவ்வோராண்டில் அத்திட்டத்தில் கலந்துகொண்டோர் 1 கோடியே 88 இலட்சம் என அரசுச் செய்தி நிறுவனமே அறிவித்தது. மக்கள் நலத்துக்கான திட்டம் என்பதே அரசு தந்த விளக்கம். ஊசி குத்திக்கொண்ட உழவனுக்கு, அக்குருதி மருத்துவரோடு நிற்குமா காவலரையும் சேருமா என்று சொல்லப்பட்டதா என்பதற்கு விடை இல்லை. இதே ஆண்டுகளில்தான் அப்பகுதியில் பெருந்தொகையினர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2022 ஆகத்து 31-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் இவை மானிடத்துக்கு எதிரான குற்றங்களாகலாம் என்றது. சீன அரசு அதனை மறுத்தது. முகாமின் வாயிலைக் கண்டவன் மருத்துவமனையில் 'வேண்டா' என்று சொல்வானா என்பதை எவரும் ஊகிக்கலாம். இலெசுடரில் ஒரு கொலை நடந்தது. அதன் பின்னரே குருதி கேட்டனர். இங்கே குற்றம் எதுவும் நிகழுமுன்னரே முழு நாட்டின் குருதியும் எடுத்து வைக்கப்பட்டது. மரபுக்குறி தந்தவனோடு நில்லாமல், தந்தை, மகன், உடன்பிறந்தார், கடல்கடந்து அடைக்கலம் புகுந்த உறவினர் ஆகிய அனைவரையும் காட்டிக்கொடுக்கவல்லது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணல் வேண்டும்.

தெர்மோ பிசர் என்னும் அமெரிக்க நிறுவனம் 2019 பிப்ரவரியில் தன் மரபாய்வுக் கருவிகளைச் சின்சியாங்கிற்கு விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு திசம்பரில் மற்றொரு செய்தி எழுந்தது. தும்சுக் என்னும் ஊரில் உய்குர்களிடம் எடுத்த குருதியைக் கொண்டு, டி.என்.ஏ.வினின்றே முகத்தின் வடிவை வரைய முடியுமா எனச் சீன ஆய்வாளர் முயன்றிருந்தனர். சியாவோகி இடுகாட்டில் முகத்தைக் கண்டு மரபைத் தவறாகச் சொன்னோர் ஒரு காலத்தார். மரபைக் கொண்டு முகத்தை வரைய முயன்றோர் இக்காலத்தார்.

அறிவியல் இதழ்களிலும் கேள்வி எழுந்தது. பெல்சிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவ் மொரோ என்னும் பேராசிரியர், உய்குர், திபெத்தியர் முதலியோரைப் பற்றிய மரபாய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, ஆசிரியருள் காவல் துறையினர் உளரா, இசைவுச் சீட்டு உண்டா என்று பதிப்பாளர்களிடம் வினவினார். கட்டுரைகள் ஒன்றிரண்டாகத் திரும்பப் பெறப்பட்டன. 2024 பிப்ரவரியில் வைலி நிறுவனத்தின் மரபியல் இதழ் ஒன்று, சீனத்திலிருந்து வந்த 18 கட்டுரைகளை ஒருசேர நீக்கியது. ஆய்வு நடந்த முறைக்கும் இசைவு ஆவணங்களுக்கும் பொருத்தம் இல்லை என்பதே இதழ் சொன்ன காரணம். கணக்குப் பிழை என்று ஒன்றும் கூறப்படவில்லை.